கால் வைக்க ஒரு பூமி

பிப்ரவரி 4, செவ்வாய்

இன்று நான் சொல்லாமல் விட்டது ஒரே ஒரு சொல். "இருக்கும்."

செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் டாக்டரைப் பார்த்துவிட்டு அப்பாவும் நானும் வெளியே வந்தோம். மருந்துக் கடை பெஞ்சில் உட்கார்ந்து, கட்டுப் போட்ட இடது காலை நீட்டி வைத்துக்கொண்டு, இன்றைக்கு என்ன குழம்பு என்று கேட்பதுபோல நைனா கேட்டார்: "இத வெட்டிட்டா, எழுந்திருக்கிற அன்னைக்கு எனக்குக் கால் இருக்குமா பாப்பா?"

எழுந்திருக்கிற அன்றைக்கு என்றால் கடைசி நாள். ஆண்டவர் திரும்பி வந்து, செத்தவர்களை உடம்போடு எழுப்புகிற நாள்.

"மாத்திர வாங்கிட்டு வரேன் நைனா" என்று எழுந்து போய்விட்டேன்.

டாக்டர் சொன்னது: குதிகால் புண் சுகரால் அழுகிவிட்டது, கறுப்பு மேலே ஏறுகிறது. பாண்டிச்சேரிக்குப் போய் முட்டிக்குக் கீழே எடுத்துவிட வேண்டும். தள்ளிப்போட்டால் முட்டிக்கு மேலே. இன்னும் தள்ளிப்போட்டால் — அவர் முடிக்கவில்லை. என்னைப் பார்த்தார். நான் பள்ளிக்கூடத்தில் உயிரியல் டீச்சர். எனக்கு முடித்துக்காட்டத் தேவையில்லை.

நைனா, "வேணாம் சார்" என்றார். கும்பிட்டுவிட்டு எழுந்தார்.

பிப்ரவரி 5, புதன்

ஏன் வேண்டாம் என்கிறார் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். காரணம் நான்.

நாலு வருஷம் முன்பு அம்மா இறந்தபோது நைனா சாப்பிடாமல் கிடந்தார். "அருளம்மா மோட்சத்துல சம்மனசு, தேவதூதருங்களோட இருக்குது" என்று யாராவது சொன்னால் எரிந்து விழுவார். "அங்க அவளுக்கு இன்னா வேல? யாரத் தெரியும் அவளுக்கு?" அப்போதுதான் நான், படித்தவள், படித்ததைச் சொன்னேன். உயிர் மட்டும் பறந்துபோய் மேகத்தில் உட்காரும் என்பதோடு நம் திருச்சபை நிறுத்திக்கொள்ளவில்லை. கடைசியில் உடம்பும் எழும். படைப்பு முழுவதும், இந்த மண், மலை, தண்ணீர் எல்லாம், கெடாத ஒன்றாகப் புதுப்பிக்கப்படும். கடவுள் தான் செய்ததைத் தூக்கி எறிகிறவர் இல்லை.

நைனா எழுந்து உட்கார்ந்தார். ஜன்னல் வழியே ராஜகிரியைக் காட்டி, "இந்த மலையுமா?" என்றார்.

"மலையும்தான்."

"ஏரி?"

"ஏரியும்."

அன்று சோறு சாப்பிட்டார்.

அதிலிருந்து அந்தப் புதுப் பூமியை, நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்த நிலம் மாதிரி பேசுகிறார். அங்கே மல்லாட்டைப் பயிருக்குப் பூச்சி விழாது. செத்துப்போன செவலைக் காளை இருக்கும். அம்மாவுக்குக் கோட்டை மலை உச்சிவரை ஏறிப் பார்க்க ஆசை. ஆயுள் முழுக்க அடிவாரத்தில் இருந்தும் ஏறவில்லை. அறுவடை முடியட்டும், மழை விடட்டும் என்று நைனா தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். "அங்க போய் மொத வேல, உங்கம்மாவ மலைக்குக் கூட்டிக்கினு போறது. டிக்கெட்டும் இருக்காது, கொரங்கும் பையப் புடுங்காது."

நேற்று வீட்டுக்கு வந்ததும் சொன்னார்: "பறக்கறதுன்னா கால் தேவல பாப்பா. நீதான பூமின்னு சொன்ன. பூமின்னா நடக்கணும்ல?"

நான் கொடுத்த ஆறுதலைக் கையில் பிடித்துக்கொண்டே அவர் சாகப் போகிறார்.

பிப்ரவரி 9, ஞாயிறு

பூசை முடிந்து மறைக்கல்வி வகுப்பு. புது வானம், புதுப் பூமி. நான் குறித்துவைத்த பாடம் இல்லை. இந்த வாரத்துக்கு அதுதான் வந்திருக்கிறது.

பிள்ளைகளை வரையச் சொன்னேன். பாதிப்பேர் கோட்டையை வரைந்திருந்தார்கள். ஒருத்தி ஆட்டுக்குச் சிறகு வைத்திருந்தாள். அனு என்கிற பெண் எழுந்து, "டீச்சர், அங்க எங்க ஆயாவுக்குப் பல்லு இருக்குமா?" என்றாள்.

"இருக்கும்."

"அப்ப முறுக்கு?"

"இருக்கும்."

வகுப்பே சிரித்தது. நானும். பிள்ளைகளிடம் எவ்வளவு லேசாக வருகிறது அந்தச் சொல்! வீட்டுக்கு நடந்துவரும்போதுதான் அந்தக் கேள்வி வந்தது. நம்பித்தான் சொல்கிறேனா? இல்லை, பிள்ளைகள் யாருக்கும் கால் அழுகவில்லை என்பதால் சொல்கிறேனா?

பிப்ரவரி 11, செவ்வாய்

பள்ளிக்கூட வேனில் வரும்போது ஒரு வழி தோன்றியது. தோமையார். உயிர்த்து வந்த ஆண்டவர் உடம்பில் ஆணிக் காயம் அப்படியே இருந்தது, தோமையாருக்குக் காட்டினார். ஆகவே உடம்பில் காயம் இருப்பது குறை இல்லை. மகிமையோடு எழுவதற்கு அது தடையும் இல்லை. அழகாகக் கோத்து வைத்துக்கொண்டேன்.

நைனா கடைசிவரை கேட்டார்.

"அப்ப, ஆண்டவருக்கே அந்த ஓட்ட அடைபடல."

"நைனா, அது அப்டி இல்ல —"

"அப்ப எனக்கு வெட்டுனது வெட்டுனதுதான். நல்லவேள, சொன்ன."

ஏன் வாயைத் திறந்தேன்? ஆண்டவரே, ஏன் வாயைத் திறந்தேன்?

பிப்ரவரி 14, வெள்ளி

நைனா ஊதுவத்தி ஏற்றச் சொன்னார். இன்று ஏதோ திருநாள் என்றார். திருநாளெல்லாம் ஒன்றுமில்லை. காலில் வாடை. எனக்குத் தெரியக்கூடாது என்று நினைக்கிறார்.

பிப்ரவரி 16, ஞாயிறு

பழைய காலத்து வேதசாத்திரிகள், வெட்டிப்போட்ட நகமும் முடியும் உயிர்ப்பின்போது என்னவாகும் என்றுகூட விவாதித்திருக்கிறார்கள். கல்லூரியில் படிக்கும்போது சிரித்தேன். இன்று அதைத் தேடித் தேடிப் படித்தேன். உடம்பின் அணுக்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன என்று வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறேன். இருபது வயதில் நைனா உழுத கால் இப்போது எங்கே? பாதி காற்றில், பாதி மண்ணில். ஆனாலும் அது நைனாவின் கால்தான். எது அதைத் தொடர்ந்து "நைனாவின் கால்" ஆக்குகிறது?

இதை அவரிடம் சொல்ல முடியாது. தோமையார் போதும்.

எதிர் வீட்டு பவுனம்மாள் வந்து பார்த்தார். மாசி அமாவாசைக்கு மேல்மலையனூர் போகிறாராம். அங்காளம்மனுக்கு வேண்டிக்கொள்கிறேன் என்றார். நைனாவின் காலைப் பார்த்துவிட்டு என்னிடம் வாசலில் வந்து, "உங்க சாமி காலப் பொறவு ஒட்டிக் குடுக்குமோ இன்னாவோ. உசுரு இப்ப போச்சின்னா இன்னா பண்ணுவ? படிச்ச பொண்ணுதான நீ? ரெண்டு அறை வுட்டு இட்டுக்கினு போயேன்!" என்றார்.

அவர் சொல்வதுதான் சரி. யாரை அறைவது?

பிப்ரவரி 22, சனி

அண்ணன் வந்திருக்கிறான். ராபர்ட் — திண்டிவனத்தில் குடும்பம், சரக்கு வண்டி ஓட்டுகிறான். நான் போனில் அழுததால் வந்தான். நைனா அவனிடமும் அதே கேள்வியைக் கேட்டார். அண்ணனுக்குப் பூசைக்கே வருஷத்தில் ரெண்டு நாள்தான். தலையைச் சொறிந்துகொண்டு, "நம்ம லாரன்ஸ் மாமா கதிரடிக்கிற மெஷின்ல கை வுட்டாரே, அந்தக் கைய இன்னா பண்ணாங்க நைனா?" என்றான்.

"கல்லறையில பொதச்சாங்க."

"அப்புறம் அவரு செத்தப்போ?"

"பக்கத்துலயே வெச்சாங்க."

"அவ்ளோதான? கை முன்னாடியே போயி எடம் புடிச்சி வெச்சிருந்திச்சி. பஸ்ஸுல ஜன்னல் வழியா துண்டு போடுறதில்ல, அந்த மாதிரி. உன் காலயும் அம்மா பக்கத்துல போட்டு வெச்சிட்டா, சீட்டு உனக்குத்தான்."

நைனா சிரித்தார். இந்த மாதம் முழுவதும் அவர் சிரித்து நான் பார்க்கவில்லை. நான் படித்த படிப்பெல்லாம் சேர்ந்து செய்யாததை ஒரு துண்டு செய்தது. பொறாமையாகக்கூட இருந்தது.

பிப்ரவரி 24, திங்கள்

காய்ச்சல். நெருப்பாகக் கொதிக்கிறது. கண்ணைத் திறந்து, "அருளு பக்கத்துல பொதைப்பீங்களா? ஃபாதர் மந்திரிப்பாரா?" என்றார்.

பங்குச் சாமியாரிடம் ஓடினேன். உடனே ஒப்புக்கொண்டார். பூசை கிடையாது, ஒரு ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளிக்கலாம், ஞானஸ்நானம் வாங்கிய உடம்பின் பாகம், மரியாதையாக அடக்குவது நல்லது என்றார். போகும்போது சேர்த்துச் சொன்னார்: "முடியலன்னாலும் பரவால்லம்மா. ஆண்டவருக்கு அதுல ஒண்ணும் கஷ்டம் இல்ல." முதல் பாதியை மட்டும் நைனாவிடம் கொண்டுவந்தேன்.

"சத்தியமா பொதைப்போம் நைனா. என் கையால வாங்கிக்கினு வரேன்."

"சரி. வண்டி எடுக்கச் சொல்லு."

பிப்ரவரி 27, வியாழன் — பாண்டிச்சேரி, ஆஸ்பத்திரி

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் நாளைக்கு எனக்கே வேறு மாதிரி சொல்லிக்கொள்வேன்.

காலையில் எடுத்துவிட்டார்கள். நைனா பிழைத்துவிட்டார். முட்டிக்குக் கீழேதான். டாக்டர், "இன்னும் ஒருநாள் தள்ளியிருந்தா…" என்று மறுபடி முடிக்காமல் விட்டார்.

நர்ஸ் வந்து, காலைத் தாழ்வாரத்துக் கோடி அறையில் வைத்திருக்கிறோம், சாயங்காலம் கழிவு வண்டி வருவதற்குள் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். அண்ணன் ஊரில் குழி வெட்டிவிட்டுப் பெட்டியோடு வரவேண்டும். இன்று மயானக் கொள்ளைத் திருவிழா; மேல்மலையனூருக்குப் போகிற கூட்டமும் சிறப்புப் பேருந்துகளும் செஞ்சியை அடைத்துவிட்டன. போனில், "வண்டி நவுரல டெய்சி. சாமி ஆடிக்கினு போறாங்க. நீ வாங்கி வெச்சிக்கோ" என்றான்.

போனேன். கதவு பாதி திறந்திருந்தது. மேசைமேல் ஒரு மஞ்சள் கவர். வாய் கட்டியிருந்தது. உள்ளே ஒன்று இருக்கிற உருவம். குதிகால் இருக்கிற பக்கம் தெரிந்தது.

சின்ன வயதில் நைனா பாதத்தின்மேல் என் பாதத்தை வைத்து நிற்பேன். அப்படியே நடப்பார், களத்தைச் சுற்றி. அந்தக் கால்.

திரும்பிவிட்டேன். மாடிப்படியில் உட்கார்ந்தேன். அண்ணன் வரட்டும் என்று எனக்கே காரணம் சொல்லிக்கொண்டேன். என் பேரைக் கூப்பிட்ட சத்தம் கேட்டது. கேட்டது. எழுந்திருக்கவில்லை.

மறுபடி போனபோது மேசை ஈரமாக இருந்தது. துடைத்திருந்தார்கள். "எத்தன தடவ உங்க பேரு சொல்லிக் கூப்புட்டேன்மா! வண்டி போய்டுச்சே" என்றார் நர்ஸ். அவர்கள்மேல் ஒரு தப்பும் இல்லை.

நைனா கண் திறந்து கேட்ட முதல் கேள்வி: "துண்டு போட்டாச்சா?"

"போட்டாச்சு நைனா."

பொழுது சாய்கிற நேரத்தில் அண்ணன் பெட்டியோடு வந்தான். பலகையில் அடித்த சின்னப் பெட்டி, உள்ளே அம்மாவின் பழைய புடவை விரித்திருந்தான். நானே வைக்கிறேன் என்று வாங்கிக்கொண்டு உள்ளே போனேன். பையில் நைனாவின் இடது செருப்பு இருந்தது. வரும்போது போட முடியாமல் எடுத்து வந்தது. கனம் வேண்டுமே என்று தோட்டத்திலிருந்து ஒரு கல். ரெண்டையும் அவர் துண்டில் சுற்றி வைத்து மூடினேன். அண்ணன் பெட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆணி அடித்தான்.

பிப்ரவரி 28, வெள்ளி

அண்ணியை நைனாவுக்குத் துணை வைத்துவிட்டு ஊருக்கு வந்து அடக்கம் செய்தோம். அம்மாவின் கல்லறைக்கு இடது பக்கம். ஃபாதர் ஜெபம் சொன்னார். உடலின் உயிர்ப்பை நம்பி இதை மண்ணுக்குக் கொடுக்கிறோம் என்றார். பவுனம்மாள் நேற்றுப் பூசிய குங்குமம்கூட அழியாமல் வந்து நின்று, ஒரு பிடி மண் போட்டு, "ஐயோ, நடந்த காலாச்சே! ஏரு ஓட்டுன காலாச்சே!" என்று மார்பில் அடித்துக்கொண்டு அழுதார்.

எனக்கு அழுகை வரவில்லை. பயம்தான். வானம் திறந்து யாரோ பார்த்துக்கொண்டிருக்கிற மாதிரி. யாரும் பார்க்கவே இல்லையோ என்று நினைத்தபோது அது இன்னும் பெரிய பயமாக இருந்தது.

மார்ச் 5, சாம்பல் புதன்

நெற்றியில் ஃபாதர் சாம்பல் பூசினார். அந்தக் காலும் இதற்குள் சாம்பலாகியிருக்கும். எத்தனை பேருடைய எதெதுவோடு கலந்து? அந்தக் குவியலில் எது நைனா? எதை யார் பிரித்தெடுப்பது?

நம்பியிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன். மண்ணோ சாம்பலோ, ஆண்டவருக்கு எல்லாம் ஒன்றுதான் என்று சொல்லியிருப்பேன். செருப்பைப் பெட்டியில் வைத்தபோதே தெரிந்துவிட்டது, நான் எவ்வளவு நம்புகிறேன் என்று.

மார்ச் 23, ஞாயிறு

நைனா வீட்டுக்கு வந்துவிட்டார். புண் ஆறுகிறது. சுகர் இறங்கியிருக்கிறது. ஜன்னலோரம் கட்டில், மலை தெரிய வேண்டுமாம்.

ஃபாதர் நைனாவுக்கு நன்மை அப்பம் கொண்டுவந்தார். போகும்போது என்னிடம், "பாவசங்கீர்த்தனத்துக்கு இந்தத் தவக்காலம் நீ வரவே இல்லையே" என்றார். பள்ளிக்கூடத்தில் பரீட்சை என்றேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

இல்லாத கால் வலிக்கிறது. அரிக்கிறது. விரல் மடங்கிக்கொண்டு நீள மாட்டேன் என்கிறதாம்.

எதிர்பார்த்ததுதான். நரம்புகளுக்கும் மூளைக்கும் கால் போனது இன்னும் தெரியவில்லை, நாளாக ஆகக் குறையும் என்று விளக்கினேன். நைனா கவனமாகக் கேட்டார், வகுப்பில் கடைசி பெஞ்ச் பிள்ளை கேட்பதுபோல.

"அதெல்லாம் இல்ல பாப்பா. பொட்டி சின்னதாப் போச்சு. உள்ள காலு மடங்கிக்கினு கெடக்குது. ஒருதரம் தொறந்து, வெரல நீட்டி வெச்சிட்டு வந்துடுங்க."

"நைனா, அப்டிலாம் —"

"லாரன்ஸு கையும் இப்டித்தான் வலிச்சிது. தோண்டி விரிச்சி வெச்சப்புறம்தான் நின்னுச்சி. ஊருல யாரையாவது கேட்டுப் பாரு."

ஏப்ரல் 13, குருத்து ஞாயிறு

அண்ணன் ஒப்புக்கொண்டுவிட்டான். பெரிய சனிக்கிழமை பகலில் கோயிலில் பூசை எதுவும் இல்லை, ஃபாதர் ராத்திரி பாஸ்கா பூசை வேலையில் இருப்பார், காலையிலேயே போய்த் தோண்டி, சரிசெய்து, மூடிவிட்டு வந்துவிடலாம் என்றான். "அவரு மனசுக்கு. இன்னா போச்சு நமக்கு? ரெண்டடி மண்ணு."

"வேணாம்ணே."

"ஏன், பயமா? நீ வராத. நான் பாத்துக்கறேன்."

நைனாவுக்கு இதயம் பலவீனம் என்று பாண்டிச்சேரியில் சொல்லியிருக்கிறார்கள். பெட்டியைத் திறந்து, துண்டை விரித்து, செருப்பைப் பார்த்தால்? அவர் அங்கேயே விழுந்தால்?

அண்ணனிடம் மட்டும் சொல்லிவிட்டால்? அவனும் சேர்ந்து பொய் சொல்ல வேண்டும். நீட்டி வெச்சிட்டேன் நைனா என்று. வலி நிற்காது. மறுபடி தோண்டச் சொல்வார். மறுபடி.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

பாடுபட்ட சுரூபத்தின் பாதத்தை எல்லாரும் முத்தமிட்டோம். வரிசையில் என் முறை வந்தது. ரெண்டு பாதம், ஒன்றின்மேல் ஒன்று, ஒரே ஆணி. மரத்தில் வர்ணம் போன இடம் வழவழவென்று இருந்தது. இதைத் தொட முடிகிறது. அதைத் தொட முடியவில்லை.

நாளை.

ஏப்ரல் 19, பெரிய சனி

சொல்லிவிட்டேன்.

காலையில் அண்ணன் மண்வெட்டியை வண்டியில் போட்டான். நைனாவும் வருவேன் என்று ஊன்றுகோலை எடுத்து, வேட்டியைச் சரிசெய்துகொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். தலைகூடச் சீவியிருந்தார்.

"நைனா, தோண்ட வேணாம்."

"ஏன் பாப்பா?"

"பொட்டியில கால் இல்ல."

அண்ணன் திரும்பி, "இன்னாது?" என்றான்.

"நான் வாங்கறதுக்குள்ள வண்டி எடுத்துக்கினு போய்டுச்சி. போனேன். வாசல்லருந்து பாத்துட்டு பயந்து திரும்பி வந்துட்டேன். கூப்ட்டாங்க, போகல. பொட்டியில இருக்குறது நைனா செருப்பும் ஒரு கல்லும்தான்."

"அடிப்பாவி!" அண்ணன் சத்தம் போட்டான். "செருப்புக்கா நான் குழி வெட்டுனேன்? செருப்புக்கா ஃபாதர் தீர்த்தம் தெளிச்சாரு? அந்தப் பவுனம்மாக்கா செருப்புக்கா மார்ல அடிச்சிக்கினு அழுதுச்சி?" சிரிக்கப் போகிறான் என்று நினைத்தேன். உதடு துடித்தது. மண்வெட்டியைத் தரையில் போட்டுவிட்டு வெளியே போய்விட்டான்.

நைனா என்னைப் பார்க்கவில்லை. இல்லாத கால் இருக்கவேண்டிய இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப காலு?"

"எரிச்சிருப்பாங்க நைனா."

"சாம்பல?"

"எங்க கொட்டுவாங்கன்னு தெரியாது."

"யாருக்குமே தெரியாதா?"

மருந்துக் கடை பெஞ்ச் ஞாபகம் வந்தது. இந்தமுறை எழுந்து போக இடம் இல்லை.

"ஆண்டவருக்குத் தெரியும்" என்றேன்.

"நெசமாவா?"

"நெசமா."

"அப்ப எனக்குக் கால் இருக்கும்ன்ற."

"இருக்கும்."

தைரியம் ஒன்றும் வரவில்லை. இது விசுவாசமா, மாட்டிக்கொண்டவள் பேச்சா, தெரியவில்லை. ஆனால் அவரை எதற்கும் சம்மதிக்க வைப்பதற்காக இதைச் சொல்லவில்லை. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

நைனா ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்தார். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஏப்ரல் 20, உயிர்ப்பு ஞாயிறு

பேசவில்லை. சாப்பிட்டார், ஆனால் அண்ணி கையால் போடச் சொல்லி.

ஏப்ரல் 22, செவ்வாய்

பேசவில்லை. வலி இருக்கிறது போல. பல்லைக் கடித்துக்கொள்கிறார். தோண்டச் சொல்லவில்லை.

ஃபாதரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

ஏப்ரல் 30, புதன்

இன்று வகுப்புத் திருப்புதல் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். கட்டிலிலிருந்து குரல்.

"கல்லு எதுக்குப் போட்ட?"

பேனா கீழே விழுந்துவிட்டது. "கனத்துக்கு நைனா."

"ஒரு கால் கனம் எவ்ளோன்னு உனக்கு எப்டித் தெரியும்?"

"தெரியல. உத்தேசமா."

"எந்தச் செருப்பு, போன பொங்கலுக்கு வாங்குனதா?" என்றார்.

"ஆமா."

"ஒத்தச் செருப்ப வூட்ல வெச்சிக்கினு இன்னா பண்றது. போட்டும்." கொஞ்ச நேரம் கழித்து: "நீ பயந்தியா பாப்பா?"

"ரொம்ப."

"நானும்தான்" என்றார். "கால் கெடக்கட்டும். நீ நாளைக்கு என்கிட்ட எத எத மறைப்பியோன்னு. அதுக்கு."

தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். என் கையிலிருந்து வாங்கிக் குடித்தார்.

ஜூலை 9, புதன்

மழை. ராஜகிரி பாதிவரை மேகத்தில். வலி குறையவில்லை, பழகிவிட்டது என்கிறார். ஜன்னலோரம் உட்கார்ந்து மலையை அளந்துகொண்டிருக்கிறார். "அந்தப் பாற வழியா போனா வெயில் படாது" என்கிறார். யாரிடம் என்று நான் கேட்கவில்லை.

நவம்பர் 2, ஞாயிறு

கல்லறைத் திருநாள். களை பிடுங்கி, சுண்ணாம்பு அடித்து, சாமந்தி போட்டோம். நைனா ஊன்றுகோலோடு வந்து, அம்மாவுக்கு மெழுகுவத்தி ஏற்றினார். பக்கத்தில் அந்தச் சின்ன மேடு. அண்ணன், "இதுக்கு ஒண்ணு ஏத்தட்டுமா நைனா?" என்று வம்புக்கு இழுத்தான்.

"செருப்புக்கு எதுக்குடா மெழுகுவத்தி? போடா."

நவம்பர் 4, செவ்வாய்

பள்ளியிலிருந்து வந்ததும் நைனா கூப்பிட்டார். "பாப்பா, இதப் பாரு."

வலது கால். சுண்டுவிரல் நுனி கறுத்திருக்கிறது.

ஊதுவத்தி ஏற்றச் சொல்லவில்லை. விளக்கை அருகில் கொண்டுவரச் சொன்னார். அதே கறுப்பு. இந்தக் காலும் போனால்? அவர் தாங்குவாரா? மறுபடி வேண்டாம் என்பாரா?

"காலைல மொத பஸ்ஸுக்கே போய்டலாம்" என்றார்.

நவம்பர் 6, வியாழன் — பாண்டிச்சேரி

நைனாவின் வலது சுண்டுவிரலை இன்று காலை எடுத்தார்கள். கறுப்பு அதற்குமேல் ஏறவில்லை; பாதம் தப்பியது. விரலை வாங்கிக்கொள்கிறீர்களா என்று நர்ஸ் கேட்டார். உள்ளே போகும் முன்பே நைனா சொல்லியிருந்ததை நான் சொன்னேன்: வேண்டாம், அது எங்கே போனாலும் ஆண்டவருக்குத் தெரியும். நாங்கள் கேட்டு வாங்கவில்லை.